‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆரம்பத்திலேயே நின்றுவிட்டதா? நின்ற இடத்தை வைத்துச் சரிசெய்யும் வழி

என்னிடம் உள்ள ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் மாயக்கதை நாவல், பலர் கைக்குப் போய்த் திரும்பியது. சித்தி மகன், அலுவலக நண்பர்கள், பக்கத்து வீட்டு அக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். முடித்துவிட்டுக் கொண்டுவந்தவர்கள் குறைவு. “அப்புறமா படிக்கிறேன்” என்று கொண்டுவந்து வைத்தவர்கள்தான் அதிகம். உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட் சொருகியிருக்கும். அந்த டிக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெரிந்தது. எல்லோரும் ஐந்தாறு இடங்களில்தான் மாறி மாறி நிற்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

அதனால் இதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் டிக்கெட் எங்கே இருக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது சரிப்படவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். கதையின் முக்கியமான திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கவில்லை.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. டோல்கீன் இதை ஒரே கதையாகத்தான் எழுதினார். 1954, 1955இல் மூன்று தொகுதிகளாக வந்தது. உள்ளே ஆறு பாகங்கள், மொத்தம் 62 அத்தியாயங்கள். நாம் ‘மெதுவான ஆரம்பம்’ என்று சொல்வது முதல் பாகத்தின் 12 அத்தியாயங்களை. பதிப்பைப் பொறுத்து 200 முதல் 300 பக்கம் வரும். அதற்கு அடுத்து, இரண்டாம் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பெரிய மேடு இருக்கிறது. இங்கே பேசப்போவது அதுவரை உள்ள வழியைப் பற்றித்தான்.

அறிகுறி: கதை தொடங்கும் முன்பே நின்றுவிட்டது

டிக்கெட் முகவுரையில் இருக்கிறது. ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் எப்படி வீடு கட்டினார்கள், புகையிலை எந்த ஊரில் முதலில் விளைந்தது என்று படித்துக் களைத்துப்போயிருப்பீர்கள்.

காரணம் ஒன்றுதான்: முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற பழக்கம். இந்தப் புத்தகத்துக்கு அது வேண்டாம். பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய், பில்போ என்ற ஹாபிட்டின் பிறந்தநாள் விருந்து வரும் முதல் அத்தியாயத்தில் தொடங்குங்கள்.

போவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. 1937இல் வந்த ‘தி ஹாபிட்’ படித்திருக்கிறீர்களா?

படித்திருந்தால் முகவுரை முழுவதையும் விட்டுவிடலாம். படிக்கவில்லை என்றால் அதில் நான்காவது பகுதியை மட்டும் படியுங்கள். பில்போவுக்கு மோதிரம் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லும் சில பக்கங்கள் அவை. அது தெரியாமல் போனால் இரண்டாம் அத்தியாயத்தில் திணறுவீர்கள். மீதியைக் கதை முடித்த பிறகு படித்தால் ஊர்ப் பெரியவர் பழங்கதை சொல்வதுபோல் இனிமையாக இருக்கும். முன்னால் படித்தால் பாடப்புத்தகம்போல இருக்கும்.

அறிகுறி: “எழுபது எண்பது பக்கம் ஆச்சு, ஒண்ணுமே நடக்கலை”

ஒன்று முதல் ஐந்தாம் அத்தியாயம் வரை எங்கு நின்றாலும் இந்தத் தலைப்புதான். நான் அதிகம் கேட்டிருக்கும் புகாரும் இதுவே. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

*முதல் காரணம்: துண்டு துண்டாகப் படிப்பது.* தூங்கும் முன் நான்கு பக்கம், மறுநாள் மூன்று பக்கம் என்று படித்திருக்கிறீர்களா? தொடங்கிய தேதி நினைவிருந்தால், படித்த பக்கங்களை நாட்களால் வகுத்துப் பாருங்கள். பத்துக்குக் கீழே வந்தால் பிழை இங்கேதான். இந்த அத்தியாயங்கள் நீளமானவை. ஒவ்வொன்றும் வீட்டில் தொடங்கி, மெல்ல நடந்து, கடைசியில் ஓர் இடத்தில் போய் உட்காரும். நடுவில் அறுத்தால் நடை மட்டும்தான் கையில் இருக்கும், போய்ச் சேர்ந்த இடம் இருக்காது. வாரத்தில் ஒரே நாள் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ஒரு அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடியுங்கள். ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை மணி நேரம். என்னிடம் வாங்கிப் போனவர்களில் பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிட்டது.

*இரண்டாவது: மனதில் படம் ஓடிக்கொண்டிருப்பது.* 2001இல் வந்த திரைப்படத்தை முன்பே பார்த்தவர்களுக்கு இது வரும். படத்தில் விருந்து முடிந்த சூட்டோடு கதாநாயகன் ஃப்ரோடோ கிளம்பிவிடுவதுபோல் இருக்கும். புத்தகத்தில் விருந்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் நடுவில் 17 ஆண்டுகள் போகின்றன. 33 வயதில் வீட்டுக்கு உரிமையாளரான ஃப்ரோடோ, கிளம்பும்போது 50 வயது ஆள். சோதனை இது: அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது, படத்தில் பார்த்த காட்சி வந்துவிட்டதா என்று தேடுகிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் வேறொரு கதைக்காகக் காத்திருக்கிறீர்கள். இந்த ஐந்து அத்தியாயம் முடியும்வரை படத்தைத் திரும்பப் பார்க்காதீர்கள், யாரோடும் அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். மூன்றாம் அத்தியாயத்தில் கறுப்புக் குதிரைக்காரன் முதன்முதலில் வரும் இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். அவன் கத்தியை உருவுவதில்லை. குதிரையை நிறுத்தி மோப்பம் பிடிக்கிறான், அவ்வளவுதான். அந்த மோப்பம் உங்களுக்கு உறைத்துவிட்டால் பிறகு வேகம் தேவைப்படாது.

*மூன்றாவது: இரண்டாம் அத்தியாயம் சரியாக ஏறாதது.* இதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. முதல் பாகத்தின் இன்ஜின் முழுவதும் இரண்டாம் அத்தியாயத்துக்குள் இருக்கிறது. மந்திரவாதி கேண்டால்ஃப் வீட்டு அடுப்பில் மோதிரத்தைப் போடுகிறார், எழுத்துகள் தெரிகின்றன, பிறகு நீளமாகப் பேசுகிறார். அந்தப் பேச்சைக் களைப்போடு படித்தவர்களுக்கு, மூன்றாம் அத்தியாயத்தில் இவர்கள் ஏன் காடு மேடெல்லாம் நடக்கிறார்கள் என்று தெரியாது. காரணம் தெரியாத நடை சலிக்கத்தான் செய்யும்.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்:

- மோதிரத்தை அந்த அடுப்பிலேயே உருக்கிவிட முடியாதா?
- கேண்டால்ஃபே அதை வாங்கிக்கொள்ளலாமே, ஏன் மறுக்கிறார்?
- ஃப்ரோடோ ஊரிலேயே இருந்தால் என்ன ஆகும்?
- கோல்லம் என்ற அந்தப் பிறவியைக் கொன்றிருக்க வேண்டும் என்று ஃப்ரோடோ சொல்லும்போது, கேண்டால்ஃப் இரக்கத்தைப் பற்றி என்ன சொல்கிறார்?

இரண்டுக்கு மேல் பதில் வரவில்லை என்றால், நின்ற இடத்திலிருந்து தொடராதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் பகல் நேரத்தில், தலை தெளிவாக இருக்கும்போது, மறுபடி படியுங்கள். நான்காவது கேள்விக்கான பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. கதையின் கடைசிவரை அது தேவைப்படும்.

*நான்காவது: எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதது.* மேலே சொன்ன மூன்றும் இல்லை, புரிகிறது, ஆனால் ஒட்டவில்லை என்பவர்களுக்கு இது. சண்டையையும் மந்திரத்தையும் தேடாமல், ஃப்ரோடோ எதை விட்டுவிட்டுப் போகிறான் என்று பாருங்கள். காளான் திருடிய சிறுவயதில் நாயை ஏவித் துரத்திய விவசாயி மேகட், இத்தனை வருஷம் கழித்து அவனைத் தன் வண்டியில் படித்துறைவரை கொண்டுபோய் விடுகிறார். அவர் மனைவி கூடையில் காளான் கொடுத்தனுப்புகிறார். யாருக்கும் தெரியாமல் கிளம்புவதாக அவன் நினைத்துக்கொண்டிருக்க, நண்பர்கள் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்து மூட்டை கட்டித் தயாராக நிற்கிறார்கள். ஊர் என்றால் இதுதானே. ஆறாம் பாகத்தின் கடைசிப் பகுதி மறுபடி ஹாபிட்டுகளின் ஊரான ஷயருக்குத்தான் வருகிறது. இந்த அத்தியாயங்களைத் தாண்டிக் குதித்த இரண்டு பேர் புத்தகத்தை முடித்துவிட்டு “கடைசியில ஏன் இவ்வளவு இழுக்கிறார்?” என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஷயர் ஊராகவே ஆகியிருக்கவில்லை. அதனால்தான் முதல் பாகத்தைத் தாவிப் போங்கள் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

அறிகுறி: அகராதியை எடுத்து எடுத்தே நேரம் போகிறது

இது கதையின் மெதுவோடு சேர்ந்து வருவதால், கதைதான் மெதுவாக இருக்கிறது என்று தோன்றிவிடும்.

சோதனை: ஒரு பக்கத்தில் எத்தனை சொல் தேடினீர்கள் என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் அது பிரச்சினையே இல்லை, வேறு தலைப்பைப் பாருங்கள். ஐந்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் அவை நிலத்தைக் குறிக்கும் சொற்களாக இருக்கும். டோல்கீன் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். அந்தக் குளிர்நாட்டு மண்ணை நாம் பார்த்ததில்லை, அதனால் சொல் தெரிந்தும் படம் வருவதில்லை.

அடிக்கடி வருபவை இவ்வளவுதான். டவுன்ஸ் என்றால் மரமில்லாத புல்மேடுகள். டெல் என்பது மேடுகளுக்கு நடுவே உள்ள சிறு பள்ளம். ஃபென், மார்ஷ் இரண்டும் சதுப்பு நிலம். ஃபோர்டு என்பது ஆற்றில் இறங்கி நடந்தே கடக்கும் துறை. ஹெதர் ஒரு குட்டைப் புதர். பாரோ என்றால் பழங்காலத்தவரைப் புதைத்து மேலே மண் குவித்த மேடு. இந்தக் கடைசிச் சொல்லைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் அகராதியில் தள்ளுவண்டி என்ற பொருளைப் பார்த்துவிட்டு, எட்டாம் அத்தியாயம் முழுவதும் வண்டி எப்போது வரும் என்று காத்திருந்தார். அந்தச் சொல்லுக்குத் தள்ளுவண்டி என்ற பொருளும் உண்டு, அவர்மேல் தப்பில்லை. ஆனால் புதைமேடு என்று தெரிந்து படித்தால்தான் அந்த அத்தியாயத்தில் முதுகு சில்லிடும்.

மற்ற சொற்களுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் மூன்றாம் முறை வரும்போது மட்டும் அகராதியைத் திறங்கள். அதற்குள் பாதிச் சொற்கள் தாமாகவே புரிந்திருக்கும். இதற்குப் பிறகும் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்றால், இதை வைத்துவிட்டு முதலில் ‘தி ஹாபிட்’ படிக்கலாம். சிறுவர்களுக்கு எழுதியது, நடை எளிது, அதே ஆட்கள் சிலரும் வருகிறார்கள். அதை முடித்துவிட்டு வந்தவர்கள் இங்கே தடுமாறி நான் பார்த்ததில்லை.

அறிகுறி: யார் யார் என்றே தெரியவில்லை

அர்ச்சுனன், பார்த்தன், தனஞ்சயன், விசயன் என்று எத்தனை பெயர் சொன்னாலும் நமக்கு ஆள் ஒருவன்தான் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். இங்கேயும் அதே வழக்கம்தான், காது மட்டும் இன்னும் பழகவில்லை. ஸ்ட்ரைடர் என்பவரும் அரகார்ன் என்பவரும் ஒருவரே. கேண்டால்ஃபை எல்ஃப் இனத்தவர் மித்ராண்டிர் என்பார்கள். சௌரான் எதிரி, சாருமான் ஒரு மந்திரவாதி, இவர்கள் இரண்டு பேர். இந்தக் கடைசி ஜோடியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்.

செலவில்லாத வழி: பக்கம் வைக்கும் காகிதத்திலேயே பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள், அதையும் தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் உள்ள பெயரைக் கண் வெறும் வடிவமாகப் பார்த்துக் கடந்துவிடும். தமிழில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னது நிற்கும். எல்ஃப் பெயர்களில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து எங்கே வந்தாலும் ‘க’ ஓசைதான். செலபார்ன் இல்லை, கெலபார்ன். டோல்கீனே பின்னிணைப்பில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது வரைபடம். காகிதப் புத்தகம் என்றால் வரைபடப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மின்னூல் என்றால் அதில் வரைபடம் கண்ணுக்கே தெரியாது, ஒரு தாளில் அச்செடுத்து உள்ளே மடித்து வைப்பது நல்லது. ஷயர், பிரீ, ரிவெண்டெல் ஆகிய மூன்று புள்ளிகள் தெரிந்தால் முதல் பாகத்துக்குப் போதும்.

பாட்டன் முப்பாட்டன் பெயர்கள், முந்தைய யுகத்து அரசர் பெயர்கள் வந்தால் எழுத வேண்டாம். அவை காற்றில் வரும் ஓசைபோல வந்து போகட்டும்.

அறிகுறி: பாட்டு வந்ததும் கை நிற்கிறது

சாய்ந்த எழுத்தில் பத்து இருபது வரி வந்ததும் பலர் புத்தகத்தை வைத்துவிடுகிறார்கள். தாவிப் போனால் குற்ற உணர்வு, படித்தால் அலுப்பு.

தாவலாம். மூன்றை மட்டும் விடாதீர்கள். முதலாவது, மோதிரங்களைப் பற்றிய அந்த எட்டு வரி. இரண்டாவது, பத்தாம் அத்தியாயத்தில் கேண்டால்ஃபின் கடிதத்தில் வரும் சிறு பாடல். அது ஒரு ஆளை அடையாளம் காட்டுவதற்காகவே எழுதப்பட்டது. மூன்றாவது, காட்டில் வரும் டாம் பாம்படில் என்பவர் ஏழாம் அத்தியாயத்தில் தன்னை அழைப்பதற்காகச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு. அடுத்த அத்தியாயத்திலேயே அதற்கு வேலை இருக்கிறது.

மற்றவற்றை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணால் படிக்க அலுக்கும் பாட்டு, வாயால் படிக்கும்போது ஓடும்.

அறிகுறி: டாம் பாம்படில் வீட்டில் மாட்டிக்கொண்டேன்

ஆறு, ஏழு, எட்டு அத்தியாயங்கள். என் புத்தகத்தில் அதிகமான டிக்கெட்டுகள் இங்கேதான் இருந்தன. கறுப்புக் குதிரைக்காரர்கள் துரத்துகிறார்கள், நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது, திடீரென்று மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒருவர் பாடிக்கொண்டே வந்து எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போடுகிறார். இரண்டு இரவு தங்குகிறார்கள். துரத்தல் எங்கே போனது என்றே தெரியவில்லை.

முதலில் இடைவெளியைப் பாருங்கள். ஆறாம் அத்தியாயத்துக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதா? இந்த மூன்றும் சேர்ந்து ஒரே கதை. காட்டில் ஆபத்து, வீட்டில் பாதுகாப்பு, புதைமேட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து. ஒரு சனி, ஞாயிறில் மூன்றையும் முடித்துவிடுங்கள். எட்டாவதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது உதவவில்லை என்றால் எதிர்பார்ப்பைப் பாருங்கள். இவர் யார், மனிதரா தேவரா, எதற்காக வந்தார் என்ற பதிலுக்காகக் காத்திருக்கிறீர்களா? பதில் வராது. டோல்கீன் இந்தக் கதையைத் தொடங்குவதற்கு முன்பே, 1934இல், பாம்படிலைப் பற்றி ஒரு கவிதை வெளியிட்டிருந்தார். வேறெங்கிருந்தோ வந்தவர்போல அவர் தெரிவதில் வியப்பில்லை. விடை தேடுவதை நிறுத்திவிட்டு, மோதிரத்தை வாங்கி அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். ஊரையே நடுங்கவைக்கும் பொருள் அவர் விரலில் ஒன்றுமில்லாமல் போகிறது. அந்த ஒரு பக்கத்துக்காகவே நான் ஏழாம் அத்தியாயத்தை விரும்பிப் படிப்பேன்.

இரண்டு வாரம் முயன்றும் நகரவில்லை என்றால் தாண்டிவிடுங்கள், திரைப்படமும் இவரை விட்டுவிட்டுத்தான் போனது. ஆனால் கையில் மூன்று தகவலோடு போங்கள். மோதிரம் பாம்படிலை ஒன்றும் செய்யவில்லை. புதைமேட்டில் ஃப்ரோடோ நண்பர்களை விட்டு ஓடாமல் நின்றான். அங்கிருந்து நால்வருக்கும் பழைய கத்திகள் கிடைத்தன. அந்தக் கத்திகளை மறக்காதீர்கள். அவற்றில் ஒன்றுக்கு ஐந்தாம் பாகத்தில் ஒரு வேலை காத்திருக்கிறது. பிறகு நேராக ஒன்பதாம் அத்தியாயம், பிரீ ஊரின் சத்திரம். அங்கிருந்து 12ஆம் அத்தியாயத்தின் ஆற்றுத்துறைவரை கதையே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

அறிகுறி: ரிவெண்டெல்வரை ஓடிவந்து கூட்டத்தில் நின்றுவிட்டது

ரிவெண்டெல்லின் தலைவர் எல்ரோண்ட் கூட்டும் ஆலோசனைக் கூட்டம் மிக நீளமான அத்தியாயம். யாரும் எங்கும் போவதில்லை, எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

ஒரே மூச்சு விதியை இங்கே மட்டும் உடையுங்கள். கேண்டால்ஃப் தன் நீண்ட கதையைச் சொல்லத் தொடங்கும் இடத்துக்கு முன்பு நிறுத்தி, மறுநாள் தொடருங்கள். ஊர்ப் பஞ்சாயத்தைத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேளுங்கள். ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சாட்சி சொல்கிறார். யார் என்ன கொண்டுவந்தார், யாருக்கு மோதிரத்தின்மேல் கண் இருக்கிறது என்று மட்டும் குறித்தால் போதும். பழைய அரசர்களின் வரலாறு மண்டையில் நிற்கவில்லையா, விடுங்கள். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். அத்தனை பெரியவர்கள் வாய்மூடி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஆள் எழுந்து பேசுவதற்காகத்தான் இதுவரை வந்தோம்.

இதைத் தாண்டி மோரியா என்ற சுரங்கத்துக்குள் போனவர்கள் யாரும் என் புத்தகத்தைப் பாதியில் திருப்பித் தந்ததில்லை.

அறிகுறி: கண் எரிகிறது, பத்தாம் பக்கத்தில் தலை வலிக்கிறது

கதை பிடிக்கவில்லை என்று சொன்ன அக்காவுக்கு உண்மையில் எழுத்துதான் சிறிதாக இருந்தது. மூன்று தொகுதிகளையும் ஒன்றாகக் கட்டிய பதிப்பு, மெல்லிய தாள், பொடி எழுத்து. சோதிப்பது எளிது. பெரிய எழுத்தில் உள்ள வேறொரு புத்தகத்தை அதே நாற்காலியில், அதே விளக்கில் அரை மணி நேரம் படியுங்கள். வலி வரவில்லை என்றால் குறை பதிப்பில்தான்.

முதலில் விளக்கை மாற்றுங்கள், வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். கனமான புத்தகத்தை மல்லாந்து படுத்துத் தூக்கிப் பிடிக்காமல் மடியில் தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள். பிறகு மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், அல்லது நூலகத்தில் தனித்தனித் தொகுதிகளாகக் கிடைக்கிறதா என்று கேட்கலாம். வாங்குவது அதற்குப் பிறகுதான்.

பெரிய எழுத்திலும் வலி வருகிறதா? புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால்தான் தெளிவாகத் தெரிகிறதா? நாற்பது வயதைத் தொட்டவர்களுக்கு அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். இனி நீங்களாக முயல வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள். அக்கா கண்ணாடி போட்ட பிறகு இரண்டே மாதத்தில் மூன்று தொகுதியையும் முடித்தார்.

அறிகுறி: விட்டு ரொம்ப நாளாச்சு, எங்கிருந்து தொடங்குவது

- இரண்டு வாரத்துக்குள்: கடைசியாகப் படித்த அத்தியாயத்தின் பின்பாதியைப் படித்துவிட்டுத் தொடருங்கள்.
- சில மாதங்கள்: இரண்டாம் அத்தியாயம், அப்புறம் நீங்கள் நின்ற அத்தியாயம் முழுவதும்.
- ஒரு வருடத்துக்கு மேல்: விருந்திலிருந்து புதிதாக. முதல்முறை எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகாது. இரண்டாம் முறை வருபவர்களுக்கு ஷயர் நன்றாகவே பிடித்துப்போகிறது.

எதுவும் சரிப்படவில்லை என்றால்

ஒரே அத்தியாயத்தில் இரண்டு முறை நின்றுவிட்டால் ஆள் உதவி தேடும் நேரம் வந்துவிட்டது. முதல் உதவி, புத்தகத்தை முழுவதும் படித்த ஒருவர். அவரிடம் “போகப் போக நல்லா இருக்குமா?” என்று கேட்காதீர்கள். இருக்கும் என்றுதான் சொல்வார், அதனால் உங்களுக்குப் பயனில்லை. “இந்த அத்தியாயத்தில் பின்னால் தேவைப்படுவது எது?” என்று கேளுங்கள். தேடுவதற்கு ஒன்று கையில் இருந்தால் கண் தானாக ஓடும். முடிந்தால் அவர் வாரம் ஒரு அத்தியாயம் உங்களோடு சேர்ந்து திரும்பப் படிக்கட்டும். நான் நான்கு பேருடன் அப்படிப் படித்திருக்கிறேன், எனக்கும் அது சுமையாக இருந்ததில்லை.

அடுத்தது காசு செலவாகும் வழி: ஒலிநூல். ராப் இங்கிலிஸ் என்ற நடிகர் 1990இல் முழுப் புத்தகத்தையும் சுருக்காமல் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். பாட்டுகளைப் பாட்டாகவே பாடியிருக்கிறார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே கேளுங்கள். பெயர்களின் உச்சரிப்பு, பாட்டு, பேச்சில் யார் பேசுகிறார் என்ற குழப்பம் மூன்றும் ஒரே நேரத்தில் தீரும். பாம்படில் பகுதியைத் தாண்ட இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. முதல் பாகத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, பிறகு கண்ணால் படிப்பதற்கு மாறிக்கொண்டவர்கள் உண்டு.

நிறுத்தும் இடம் ஒன்றையும் முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது. என் கணக்கில் அது 12ஆம் அத்தியாயத்தின் முடிவு, ஆற்றுத்துறை. அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு ஃப்ரோடோவுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள மனது துடிக்கவில்லை என்றால், இந்தப் புத்தகம் இப்போது உங்களுக்கு இல்லை. மூடிவிடுங்கள். அதற்கு முன்னால், முப்பதாம் பக்கத்திலோ எண்பதாம் பக்கத்திலோ அந்த முடிவை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தப் புத்தகம் மட்டும் இல்லாமல், முன்பு ஆசையாகப் படித்தவை, பார்த்தவை, கேட்டவை எதிலுமே வாரக்கணக்கில் மனம் போகவில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால், அதற்கான மருந்து எந்த அத்தியாயத்திலும் இல்லை. தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். புத்தகம் அலமாரியில் இருக்கும்.

கடன் வாங்கிய புத்தகமாக இருந்து திருப்பிக் கொடுப்பதாக முடிவு செய்தால், உள்ளே இருக்கும் டிக்கெட்டை எடுத்துவிட வேண்டாம், அப்படியே கொடுங்கள். அடுத்தமுறை நீங்கள் கேட்டு வரும்போது எந்த அத்தியாயத்திலிருந்து பேச வேண்டும் என்று கொடுத்தவருக்குத் தெரியும்.